ஏலக் கொட்டகையின் தெற்கு மூலை

என் அண்ணன் இப்போது கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியாக இருக்கிறான். நீலச் சட்டை, கழுத்தில் விசில், கையில் வண்டி எண் எழுதும் நோட்டு. மூன்று வருடங்களுக்கு முன்பு வரை, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை இரும்புக் குழாய் பற்றவைக்கிறவர்களில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தங்கை என்பதால் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. நான் கட்டுமானப் பொறியாளர். குழாய்களைப் பற்றவைத்துச் செய்யும் கூரைச் சட்டங்கள் நிற்குமா விழுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. அவன் அந்த வாசலில் நிற்பதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவக் குப்பம். அண்ணன் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். பத்தாவதோடு படிப்பு போதும் என்று செங்கல்பட்டில் ஒரு இரும்புப் பட்டறையில் சேர்ந்துகொண்டான். நான் கல்லூரிக்குப் போய், சுற்றிச் சுற்றி அதே செங்கல்பட்டில், அதே இரும்புக்கு வந்து சேர்ந்தேன். "ஒண்ணு இரும்ப ஒட்டுது, ஒண்ணு கூட்டிக் கழிக்குது. மீன் புடிக்கத்தான் ஒண்ணையும் காணோம்" என்று அம்மா எங்களைக் கிண்டல் செய்வாள். உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் வெட்டவெளியில்தான் நடந்துகொண்டிருந்தது. கூடையோடு பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கொட்டகை போட்டால் என்ன என்று ஊர் கூடி முடிவு செய்தது. எங்களிடம் ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து. சர்க்கார் பஞ்சாயத்து வேறு, அதற்கு ஓட்டுப் போடுவோம், அவ்வளவுதான். படகுச் சண்டையிலிருந்து பங்காளிச் சண்டை வரை இந்த ஊர்க் கூட்டத்தில்தான் தீரும். அதில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்களுக்குக் கேட்க வேண்டியிருந்தால் வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். தப்பு செய்தவன் கூட்டத்தின் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஊரைக் கும்பிட வேண்டும். தலைவர் எழுந்திரு என்றால் எழுந்திருக்கலாம். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது, அதன்பின் யாரும் அதைப் பேசக்கூடாது.

தலைவர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "வெளியாளு இன்னாத்துக்கு? நம்ம பொண்ணு வரைஞ்சு குடுக்கட்டும், நீ ஒட்டிக் குடு." அண்ணன் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு கிலோ வஞ்சிரம். இருவரும் சேர்ந்து செய்யப்போகும் முதல் வேலை அதுதான். கடைசி வேலையும் அதுவாகவே ஆகிவிட்டது.

கொட்டகைக்கு நான் சதுரக் குழாய்ச் சட்டம் போட்டேன். மேலும் கீழுமாக இரண்டு பெரிய குழாய்கள், நடுவில் சாய்வாகச் சின்னக் குழாய்கள். சின்னக் குழாயின் முனை பெரிய குழாயின் பக்கத்தில் வந்து முட்டும், அங்கே சுற்றிலும் பற்றவைப்பார்கள். இதில் பார்க்க வேண்டிய கணக்கு இரண்டு. குழாய் தாங்குமா என்பது ஒன்று. சேருமிடம் தாங்குமா என்பது இன்னொன்று. குழாய் தாங்கினால் சேருமிடமும் தாங்கும் என்று நினைப்பவர்கள் பொறியாளர்களிலேயே உண்டு. அது தப்பு. பிஸ்கட் டின்னின் மூடியை நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், குழியும். டின் பெரிதாகவும் தகடு மெல்லியதாகவும் இருந்தால் இன்னும் சுலபமாகக் குழியும். சின்னக் குழாய் பெரிய குழாயின் முகத்தை அப்படித்தான் அழுத்துகிறது, காற்று திரும்பினால் இழுக்கிறது. பற்றவைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த முகம் மெலிந்திருந்தால் பிய்ந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. குழாய்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் மென்பொருளே பார்த்துவிடும். சேருமிடத்தின் கணக்கை அது பார்க்காது. அதற்கு நானே தனியாக ஒரு எக்செல் தாள் தயார் செய்து வைத்திருக்கிறேன். பெரிய குழாயின் அகலம் நூறு மில்லிமீட்டர், தகட்டின் தடிமன் ஐந்து என்று கொடுத்தேன். விடை 0.92 என்று வந்தது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் தாங்கும், கட்டம் பச்சை நிறமாகும். பச்சையாக இருந்தது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் குழாய்க் கடையிலிருந்து போன் செய்தான்.

"பாப்பா, நூறுக்கு அஞ்சு ஸ்டாக்கு இல்லியாம். நூத்தி இருவதுக்கு நாலு கீதாம். எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். தலைவரு பக்கத்துலதான் கீறாரு, பெருசா இருந்தா ஊருக்கு நல்லாக்கீதுன்றாரு. இன்னா பண்ணட்டும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மென்பொருளில் அளவை மாற்றினேன். குழாய் பெரிதானதால் முன்பைவிட நன்றாகவே தேறியது. கால் மணி நேரத்தில் கூப்பிட்டு, வாங்கிக்கொள் என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. "ஜாயிண்ட்டு பாத்தியா? பைப்பு செவுரு மெல்லிசா கீதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தாவது படித்தவன், கடைக்காரனும் தலைவரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் பரீட்சை வைக்கிறானே என்று நினைத்தேன். வேறொரு வேலையும் மேஜையில் காத்திருந்தது. "எல்லாம் பாத்துட்டேண்ணே. நீ வாங்கு" என்றேன்.

"சரி பாப்பா" என்றான். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நான் பார்த்தேன் என்று சொன்னால் அவனுக்கு அது போதும்.

வேலை நடக்கும்போது மூன்று முறை போய்ச் சோதித்தேன். பற்றவைத்த இடத்தில் சிவப்பு மருந்தைத் தெளித்து, துடைத்துவிட்டு, அதன்மேல் வெள்ளை மருந்தைத் தெளிப்பார்கள். உள்ளே கீறல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். ஒரு இணைப்பு விடாமல் பார்த்தேன். ஒன்றில்கூடக் கோடு வரவில்லை. அவனுடைய பற்றவைப்பு, அடுக்கி வைத்த காசுகளைச் சாய்த்துவிட்டதுபோல் ஒரே சீராக ஓடும். "கூடப் பொறந்தவன்னு பாக்காத, நல்லா தேச்சுப் பாரு" என்று அவன் மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நானும் நன்றாகத்தான் தேய்த்துப் பார்த்தேன். அவன் வேலையை அத்தனை கவனமாகச் சோதித்த நான் என் வேலையைச் சோதிக்கவில்லை.

கொட்டகை திறந்த அன்று பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் அண்ணனுக்குத் துண்டு போர்த்தினார். வெளியே நின்றிருந்த எனக்கு ஒரு துண்டைக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. அந்தப் பக்கம் புயல் வராத கார்த்திகை ஏது? எச்சரிக்கை விட்டதால் கரையில் யாரும் இல்லை, ஓர் உயிருக்கும் சேதமில்லை. அந்த ஒன்றுக்காக எத்தனை சாமிக்கு வேண்டுமானாலும் கும்பிடு போடுவேன். காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கியிருக்கிறது. தெற்கு மூலையில் இரண்டு இணைப்புகள் பிய்ந்து கூரை சாய்ந்து, நிறுத்தி வைத்திருந்த இரண்டு பைபர் படகுகளின் மேல் விழுந்திருந்தது. தலைவர் போட்டோ அனுப்பினார். மங்கலான படம். ஒன்றும் தெரியவில்லை, குழாய் தொங்குவது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை பிற்பகல், அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்தேன். அண்ணனின் பற்றவைப்பில் குறை இருக்காது என்று நிரூபிக்கத்தான் திறந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? எக்செல் தாளில் நூறு, ஐந்து என்றே இருந்தது. நூற்றிருபது என்று மாற்றினேன். நான்கு என்று மாற்றினேன். 1.41. கட்டம் சிவப்பானது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். புயலில் குப்பத்தில் கரண்ட் இல்லை, போன் அணைந்திருந்தது. அம்மாவின் போனும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கூடுகிறது என்று தலைவர் போட்டோவோடு எழுதியிருந்தார். அன்று அந்தப் பக்கம் பஸ் ஓடவில்லை, கூட்டத்துக்குமுன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினேன். மழைத் தண்ணீருக்காக அண்ணன் வாங்கிக் கொடுத்திருந்த மஞ்சள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மரம் சாலையில் விழுந்து கிடந்தது. அதை அறுத்து எடுக்கும் வரை பஸ் நின்றது. மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது.

கோயிலை ஒட்டிய பந்தலில்தான் கூட்டம். மணல் வீசாமல் இருக்கச் சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டியிருப்பார்கள். தட்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. நான் தட்டிக்கு வெளியே, ஓலை விலகியிருந்த ஓர் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஏலம் விடுகிற அத்தை ஒருத்தி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நசுங்கிய படகின் சொந்தக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "ஒட்டு வுட்டுக்கிச்சு தலைவரே. அதான் மூல கீழ வந்துடுச்சு. ஆளுங்க இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அண்ணன் நடுவில் கைகட்டி நின்றிருந்தான். தலைவர் அவனிடம், "நீ இன்னாப்பா சொல்ற? கணக்குல எதுனா கோளாறு இருக்குமா? தங்கச்சிய கேட்டுட்டு வேணா சொல்றியா?" என்றார். நல்ல மனிதர். ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்.

தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டிய நேரம் அதுதான். பெண் உள்ளே வரக்கூடாது என்றால் வெளியிலிருந்தே கத்தியிருக்கலாம். ஓலைத் தட்டிதானே, குரல் போகாதா?

அண்ணன் சொன்னான். "கணக்கு சரிதான் தலைவரே. ஒட்டு தான் தப்பு. என் கைதான் தப்பு."

சொல்லிவிட்டு முழங்கால் மடித்து, அப்படியே குப்புற விழுந்தான். கைகள் முன்னால் நீண்டு மணலில் கிடந்தன. முகம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது, கண்ணை மூடியிருந்தானா திறந்திருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுந்திருப்பா" என்றார் தலைவர்.

அவன் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவமானம் தாங்காமல் கிடக்கிறான் என்று நினைத்தேன். என் வாய் திறந்தது. 'நான்தான்' என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதன் பின்னாலேயே என் வேலை, என் கையெழுத்து, 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்ற பேர் எல்லாம் சேர்ந்து வந்து அதை அடைத்துவிட்டன. அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. திரும்பிக்கொண்டேன். இரண்டடி நடந்திருப்பேன், தலைவர் மறுபடியும் "எழுந்திருப்பா, போதும்" என்பதும், அவன் எழுந்து மணலைத் தட்டுவதும் கேட்டன.

ஊர் இரும்பு வேலையை இனி அவன் தொடக்கூடாது என்று தீர்ப்பு. ஒரு குப்பத்துத் தீர்ப்பு அடுத்த குப்பத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? செங்கல்பட்டுப் பட்டறைக்காரரும் அவனை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டார். ஒட்டு விட்டுப்போன கை என்று பேராகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மீதி இணைப்புகளையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அந்த அளவுக்காவது மனசாட்சி இருந்தது. பந்தல் மணல் காய்வதற்குள் தலைவரிடம் போய், எல்லாச் சேருமிடங்களிலும் குழாயின் முகத்தில் ஒரு தடித்த தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், அதுவரை கீழே யாரும் உட்காரக்கூடாது என்று சொன்னேன். வேறொரு ஆளை வைத்துச் செய்தார்கள். இந்த முறை கணக்கை நான்கு தடவை பார்த்தேன். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அண்ணன் பண்ண தப்ப தங்கச்சி சரி பண்ணிட்டா." இதை எனக்குச் சொன்னது அம்மா. சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். நான் மூன்று வருடம் மறைத்தேன்.

பொங்கலுக்குப் போவேன், தீபாவளிக்குப் போவேன். அண்ணனுடன் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். அவன் குழம்பை ஊற்றிக்கொண்டு, "வேல எப்டி போவுது பாப்பா?" என்பான். நல்லா போகுதுண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் எங்கள் அலுவலக முதலாளி, கேளம்பாக்கத்தில் கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடும் வேலை ஒன்று வந்திருக்கிறது என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அண்ணன் காவல் நிற்பது அந்தக் குடியிருப்பில்தான் என்பது வாசலில் கார் நின்றபோதுதான் தெரிந்தது. கேட்டைத் திறந்தான். முதலாளிக்கு ஒரு சல்யூட் வைத்தான். குனிந்து உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதலாளி முன்னால் எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறான். உள்ளே போய் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு எண்கூட என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை.

மறுநாளே லீவு போட்டு ஊருக்குப் போனேன். தலைவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த எக்செல் தாளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊரைக் கூட்டுங்கள், பெண்ணாக இருந்தாலும் நான் வந்து விழுகிறேன் என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. வலையின் ஒரு முனையை இழுத்து விரித்துப் போட்டார். "ஊரு ஒரு தப்புக்கு ஒருத்தனத்தான் வுழ வெக்கும். வுழுந்தான், எழுந்தான், முடிஞ்சுது. இப்போ கூட்டி நீ இத்த சொன்னேன்னு வெச்சுக்கோ, உங்க அண்ணன் ஊராண்ட பொய் சொன்னான்னு ஆவும். ஒட்டு வுட்டதுக்காவது மன்னிப்பு கீது. ஊராண்ட பொய் சொன்னவனுக்கு இன்னா தண்டனைன்னு உனக்கே தெரியும்." அது எனக்குத் தெரியும். ஊரை விட்டுத் தள்ளிவைப்பார்கள். அம்மா அவனோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அங்கிருந்து நேராகக் கேளம்பாக்கம் போனேன். பகல் பதினோரு மணி இருக்கும். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். நூறு, ஐந்து, நூற்றிருபது, நான்கு, போனில் நான் சொன்ன பொய், தலைவரிடம் போய்வந்தது, எல்லாவற்றையும். அழுதுகொண்டேதான் சொன்னேன். நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும் பாப்பா" என்றான்.

"எப்டிண்ணே?"

"புயலு அடிச்ச மறுநாளு மேல ஏறி பாத்தேன். என் ஒட்டு அப்டியே கீது, ஒரு கீறலு இல்ல. பைப்பு செவுருதான் கிழிஞ்சு, ஒட்டோட சேந்து மூடி மாரி வந்துகீது. ஒட்டறவனுக்கு அது தெரியாதா?"

"அப்போ ஏன்ணே தப்ப உன் மேல போட்டுக்கின?"

"ஊர்லேர்ந்து படிச்சு வந்த ஒரே பொண்ணு நீ. உன் கையெழுத்து பூட்ச்சுன்னா அப்பால இன்னா கீது? எனக்கு எதுனா ஒரு வேல கெடைக்கும்னு நெனச்சேன்."

ஹாரன் அடித்தது. அவன் போய்க் கேட்டைத் தள்ளினான், சல்யூட் வைத்தான், வண்டி எண்ணை எழுதினான். அதே கைதான், எழுத்துகூட ஒரே சீராக இருந்தது. திரும்பி வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அது ஒண்ணியும் எனக்கு மனசுல இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு கீழ வுழுந்தப்போ, தட்டிக்கு அடியில மஞ்ச செருப்பு தெரிஞ்சுது. நீ தான்னு தெரிஞ்சுபோச்சு. வருவேன்னு பாத்தேன். வந்து சொன்னாலும் நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன், ஆனா வருவேன்னு பாத்தேன். அதான் தலைவரு சொல்லியும் எழுந்திருக்கல."

நோட்டை மூடினான்.

"அப்பால செருப்பு திரும்பிக்கிச்சு. சரின்னு எழுந்தேன்."